கம்பி மேஸ்திரியின் மெயின் சுவிட்ச்

நீலகிரியில் எந்தத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரமும் கம்பி மேஸ்திரியிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. முழ நீள இரும்புக் கம்பியின் ஒரு நுனியை ஓடும் ரோலரில் வைப்பார். மறு நுனியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "பேரிங் போச்சுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். ஒருமுறை எஸ்டேட் ஜீப்பில் கம்பியை வைத்துவிட்டு, "வண்டி நல்லாருக்குங்க. ஓட்டறவருதான் சரியில்லீங்க" என்றார். ஓட்டியவர் மேனேஜர்.

அப்பேர்ப்பட்டவர் போன மழைக்காலத்தில் தொழிலாளர் லைன் வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். குன்னூர் டாக்டர் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொழிற்சாலை குமாஸ்தாவான நான் துணைக்குப் போனேன்.

கிளம்புமுன் மேஸ்திரி ஒவ்வொரு இயந்திரத்தையும் தடவிக் கொடுத்தார். டிரையர் அருகே கண் கலங்கினார். பஸ்ஸில்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஏனுங்க, உள்ள பாக்கோணும்னா மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணித்தானுங்களே ஆகோணும்?"

"எந்த மெயின் சுவிட்ச்?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மறுபடி ஸ்டார்ட் ஆகலீன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "அதெல்லாம் நிறுத்தமாட்டாங்க மேஸ்திரி" என்றேன். குமாஸ்தாவுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டதும் கம்பியை என் கையில் திணித்தார். "நான் வரலீன்னா மூணாம் நம்பர் ரோலர நீங்கதான் பாத்துக்கோணும்." எனக்குப் பல்பு மாற்றவே பயம்.

திரைக்கு அப்பால் டெக்னீஷியன் பெண்ணின் குரல் கேட்டது. "சட்டையக் கழட்டிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கய்யா. ஜெல் கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்."

"கிரீஸுங்களா?"

"அப்படியே வெச்சுக்கோங்க. ஊசியெல்லாம் கிடையாது. இந்தக் கருவியை நெஞ்சுல வெச்சு அழுத்திப் பாப்பேன், அவ்வளவுதான்."

"எப்பங்கம்மா நிறுத்துவீங்க?"

"எதை?"

"உள்ள ஓடறத."

"ஐயோ, ஓடும்போதே பாக்கறதுதாங்கய்யா டெஸ்ட்டு. நின்னா நான் எதைப் பாக்கறது?"

பிறகு கருவியிலிருந்து புஸ்க், புஸ்க் என்று சத்தம் வந்தது.

"அட! இது நம்ம கம்பிதானுங்கம்மா! வால்வு சுத்தமா மூடுதுங்களா?"

"பேசாதீங்கய்யா. மூச்சப் பிடிங்க."

பிடித்தார். விட்டதும் மறுபடி கேள்வி கேட்டார். அரைமணி நேரம் அந்தப் பெண் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வால்வில் லேசான கசிவு, மாத்திரை போதும், படியை மட்டும் நிதானமாக ஏறுங்கள் என்றார் டாக்டர்.

"கம்பியக் குடுங்க" என்றார் மேஸ்திரி. இறுகப் பிடித்திருந்த என் விரல்கள் உடனே பிரியவில்லை. அவரே பிரித்து வாங்கினார். ஒரு நுனியை என் நெஞ்சில் வைத்து, மறு நுனியில் காதைக் கொடுத்துக் கண்ணை மூடினார்.

"உங்குளுதுதானுங்க ரொம்ப வேகமா ஓடுது."

அந்த இயந்திரமும் அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் திரைக்குப் பின்னால் போனதிலிருந்தே அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.