கல்லறையில் பாசி, அடுப்படியில் மூஞ்சூறு

வகை சொல்லிகள் என்றொரு மனித இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதைக் காட்டினாலும் முதலில் அதன் பெயர், பிறகு குடும்பம், பிறகு உலகத்தில் அது எத்தனை மிச்சம் என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். வேலை? அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆண்டர்சன்பேட்டை ஆஸ்டின் இந்த இனத்தின் அசல் உருப்படி. தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய்வரும் நேரமெல்லாம் போனில் உயிரினப் பட்டியல்களைப் படித்துப் படித்து, பல்லியைப் பல்லி என்று சொல்லவே நாக்கூசுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி ஜெயசீலிக்கு இரண்டு தொல்லை. அடுப்படியில் மூஞ்சூறு. அம்மாவின் கல்லறையில் கல்பாசி படர்ந்து பெயரையே மூடிவிட்டது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஓசூரிலிருந்து அண்ணன் வருகிறார். பெற்றவள் பெயரைக்கூடத் துடைத்து வைக்கவில்லையா என்று அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், இவளால் தாங்க முடியாது.

"இன்னாங்க, கம்பி பிரஷ் எங்க?"

ஆஸ்டினுக்குப் பகீரென்றது. "சொரண்டாத. மூஞ்சூறு பாலூட்டி, எலி ஜாதியே இல்ல, ஊரெல்லாம் கீது, பட்டியல்ல அழிஞ்சிடும்னு கவலையில்லாத பிரிவு. அத்த நீ இன்னா வேணா பண்ணு. கல்பாசி அப்பிடி இல்ல. பூஞ்சையும் பாசியும் சேந்து பண்ற குடித்தனம். அந்தக் கல்லுல இருக்கறது இன்னா வகைன்னு இதுவரைக்கும் யாருமே மதிப்பிடல. அரிதா இருந்தா?"

"மத்தியானம் பிரியாணில கல்பாசி போட்டனே, ரெண்டு வாட்டி வாங்கித் துன்னீங்களே?"

"அது கடைல வாங்குனது."

பார்த்தீர்களா? இந்த இனத்துக்குத் தோல்வி என்பதே கிடையாது.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் ஜெயசீலி அம்மாவின் கல்லில் தண்ணீரை ஊற்றி மண்டியிட்டாள். ஆஸ்டின் கல்லுக்கும் அவளுக்கும் நடுவில் தலையை நீட்டி, பாசியை ஏழு கோணத்தில் படமெடுத்தார்.

"கொஞ்சம் இரு. ஒலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம்னா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கம்மாவும் ஒண்ணே ஒண்ணுதாங்க இருந்தாங்க."

 ஆஸ்டின் போனைப் பையில் போட்டார். அவள் கையிலிருந்த பிரஷை வாங்கி, பேண்ட் நனைய உட்கார்ந்து தேய்த்தார். அண்ணன் கேட்டுக்குள் நுழைந்தபோது 'மரியகுழந்தை' என்ற பெயர் முழுசாகத் தெரிந்தது.

சரி, அந்தப் பாசி கடைசியில் இன்ன வகைதான் என்று நான் சொல்லவே இல்லையே என்று காத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் யாரோ இந்நேரம் தனியாக எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.