மத்தியான வேளையில் தட்டுகிறவர்

முழுநேர எழுத்தாளர் ஆன பிறகுதான், தனக்கு எழுத நேரமே இல்லை என்பது எவரிஸ்தோ இன்சவுரால்தேவுக்குத் தெரிய வந்தது.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தவரை இரண்டு நாவல் எழுதி முடித்திருந்தார். இரண்டும் ஆபீஸ் நேரத்தில். பரானா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் அவசரமாகப் பிறப்பதில்லை, இறப்பதும் இல்லை. சர்க்கார் நாற்காலி, சர்க்கார் காகிதம், சர்க்கார் டைப்ரைட்டர். இனி இலக்கியம்தான் வாழ்க்கை என்று வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காசில் மெஷின் வாங்கி, வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்தாரோ இல்லையோ, ஒரு பக்கம்கூட நகரவில்லை.

காலையில் உட்கார்ந்தால் வாசலில் யாராவது தெரெரே என்ற ஐஸ் போட்ட மூலிகைத் தேநீர்க் குடுவையோடு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் மனைவியின் அண்ணன் சிரிலோ.

"என்ன மாப்ளே, சும்மாதானே இருக்கீங்க?"

"எழுதிக்கிட்டிருக்கேன் மச்சான்."

"அதைத்தான் நானும் சொன்னேன். நகருங்க, உட்காரணும்."

சாயங்காலம் உட்கார்ந்தால் மனைவி நெலிதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள். அவள் நர்ஸ். அவள் வந்த கையோடு தெருவில் பாதிப் பேர் ரத்த அழுத்தம் பார்க்க வந்துவிடுவார்கள். கதாநாயகி மாடியிலிருந்து குதிக்கப் போகிற நேரத்தில் யாரோ ஒருவர் கையை நீட்டி, "உப்பைக் குறைச்சுத்தான் பார்த்தேன், கேக்க மாட்டேங்குது" என்று இவரிடமே ஆரம்பிப்பார்.

கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் நாவல் வந்து சேர வேண்டும் என்று புவனஸ் அயர்ஸ் பதிப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். நெலிதாவும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

"கார்னிவலுக்குள்ள முடிச்சா, நீங்க எழுத்தாளர். முடிக்கலேன்னா அண்ணனோட தீவனக் கடையில வேலை. அப்புறம் இதைப் பத்தி நாம பேசிக்க வேண்டாம்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிதானமாகச் சொன்னாள். சிரிலோ இன்னும் ஒரு படி மேலே போய், கடையில் மாட்டிக்கொள்ள ஏப்ரன் தைத்து வைத்துவிட்டார். அளவு எடுக்காமலே கச்சிதமாக இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எவரிஸ்தோவுக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருந்த ஒரே நேரம் மத்தியானம்.

எங்கள் ஊர் மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஊரே தூங்கிவிடும். நாய் குரைக்காது, சேவல் கூவாது. செம்மண் தெரு வெயிலில் வெளுத்துப்போய், ஊரையே யாரோ காலி செய்துகொண்டு போனது போல இருக்கும். அந்த நேரத்தில் வெளியே நடமாடுகிறவர் ஒருவர்தான். குள்ளமானவர், உடம்பெல்லாம் மயிர், காலடி ஓசை வராது, மனுஷரும் இல்லை. அவர் பெயரை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானும் எழுதப்போவதில்லை. நானும் இந்தத் தெருவில்தான் குடியிருக்கிறேன்.

எவரிஸ்தோவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முதல் மத்தியானம் உட்கார்ந்தார். நெலிதா ஆஸ்பத்திரியில். தெரு செத்துக் கிடந்தது. விரல் ஓடியது, பக்கங்கள் விழுந்தன. "கண்டுபிடிச்சிட்டேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை, தெருவே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் எதிர்வீட்டுச் சுல்மா வந்து வாசலில் நின்றார். கணவர் போன பிறகு தெருவையே குடும்பமாக வைத்துப் பராமரிக்கிறவர்.

"எவரிஸ்தோ, நேத்து மத்தியானம் உன் வீட்டுல ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சே?"

எங்கள் தெருவில் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள். மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். எப்போதோ அந்த நேரத்தில் கூரைக்கு ஆணி அடித்த ஒருவரை இன்றுவரை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. எவரிஸ்தோ பயந்துபோய்ப் பொய் சொன்னார்.

"என் வீட்டுலயா? நான் தூங்கிக்கிட்டிருந்தேனே தோன்யா."

"தூங்கிக்கிட்டிருந்தியா?"

"கட்டை மாதிரி."

சுல்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று போய்விட்டார்.

அன்று எவரிஸ்தோ கம்பளியை மடித்து மெஷினுக்கு அடியில் போட்டார். சத்தம் குறைந்தது. ஆனால் குறைந்த சத்தம் இன்னும் மோசம். பெட்டிக்குள் வைத்து மூடிய யாரோ, உள்ளேயிருந்து பொறுமையாகத் தட்டுவது மாதிரி இருந்தது. இரண்டு நாளில் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. சுல்மா வாசலில் சிலுவை மாட்டினார். நாய்கள் எவரிஸ்தோ வீட்டைத் தாண்டும்போது ஓரமாக ஒதுங்கிப் போயின.

சரி, சத்தம் நம் வீட்டிலிருந்து வராமல் இருந்தால் போதும் என்று யோசித்தார். பக்கத்தில், குறுகலான ஒரு சந்துக்கு அந்தப் பக்கம், நோட்டரி ஒருவரின் வீடு பூட்டிக் கிடந்தது. நோட்டரி போய்ச் சேர்ந்து வருஷக் கணக்காகிறது, வாரிசுகள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அதன் ஜன்னல் ஒன்று சந்துப் பக்கமாகத் திறக்கும். இவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே.

ஊர் அடங்கியதும் மெஷினை வயிற்றோடு துணியால் கட்டிக்கொண்டு சந்தைக் கடந்தார். எழுத்தாளர் உடம்பு, ஜன்னலில் பாதியில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினார். பிறகு உள்ளே விழுந்தார். யாரும் பார்க்கவில்லை என்று ஒரு நிம்மதி. தூசி படிந்த மேசை, வௌவால் நாற்றம், நல்ல நிழல். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்.

நடுவில் சிகரெட் பற்றவைக்க நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

எங்கேயோ கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் நின்றது. எவரிஸ்தோ அறையைச் சுற்றிப் பார்த்தார். காலி வீடு, எதிரொலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பரீட்சை செய்து பார்க்க ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். டக். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தது: டக் டக் டக் டக். நல்ல எதிரொலி, கொடுத்ததைவிடக் கூடுதலாகவே திருப்பித் தருகிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்கு மேல் யோசிக்காமல் வேலையைப் பார்த்தார். கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சந்தில் படையல் வந்தது. ஜன்னல் பலகை இடுக்கு வழியாக எவரிஸ்தோ பார்த்தார். தோன்யா சுல்மா ஒரு தட்டில் தேன், பக்கத்தில் புகையிலை, ஒரு புட்டி கரும்புச் சாராயம் எல்லாவற்றையும் மண்ணில் வைத்துவிட்டு, நோட்டரி வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். 'அந்த' ஆளை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் முதுகைக் காட்டுகிறார் என்று எவரிஸ்தோ புரிந்துகொண்டார்.

எடுக்காமல் விட்டால் பாதிரியாரைக் கூட்டிவந்துவிடுவார்கள். தாகமும் இருந்தது. எடுத்தார். நல்ல சாராயம்.

அதுதான் பெரிய தப்பு. படையல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற செய்தி தெரு முழுக்கப் போனது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. வைக்க ஆரம்பித்தால் ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் அவர் விரோதியாகிவிடுவார். விடாமல் வைத்தால் சிநேகிதர், கேட்டதைச் செய்வார். மறுநாளிலிருந்து மத்தியானத்தில் ஒருத்தரும் தூங்கவில்லை. சந்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து முதுகைக் காட்டி நின்று, குசுகுசுவென்று வேண்டிக்கொண்டார்கள்.

ஊரிலேயே அமைதியான நேரம் என்று பிடித்த நேரம் இப்படிச் சந்தையாகிவிட்டது. காதை மூடிக்கொள்ளலாம்தான். ஆனால் அடுத்த வீட்டு ரகசியம் காதில் விழும்போது மூடிக்கொள்கிறவன் எழுத்தாளனாக இருக்க முடியுமா? ஒரு அம்மாள் கோழி காணோம் என்று அழுதாள். அந்தக் கோழி நோட்டரியின் பழைய தொப்பிக்குள் உட்கார்ந்து அடை காத்துக்கொண்டிருந்தது. தொல்லை ஒழியட்டும் என்று அவள் போன பிறகு அதைத் தூக்கிச் சந்தில் விட்டார். மறுநாள் வரிசை தெருமுனை வரைக்கும் போனது.

தூக்கமில்லாத தெரு தெருவாகவா இருக்கும்? ரொட்டிக்கடையில் சீபா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி எல்லாம் கரிந்துபோய் வந்தது. சவரக்கடைக்காரர், முடிவெட்ட வந்த ஒருவருடைய காதை லேசாக வெட்டிவிட்டார். ஆளுக்கு ஆள் எரிந்து விழுந்தார்கள். எல்லாம் தன்னால்தான் என்று எவரிஸ்தோவுக்கு மனசு உறுத்தியது.

ஒருநாள் சிரிலோ வந்தார். பெரிய புகையிலைக் கட்டை வைத்தார்.

"ஐயா, என் மாப்ளே புத்தகம் எழுதி முடிக்காம பார்த்துக்கங்க. நல்ல மனுஷன், களவாட மாட்டார். அப்படிப்பட்ட ஆளு கடைக்குக் கிடைக்கிறது கஷ்டம். ஏப்ரன்கூட தைச்சாச்சு."

எவரிஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டார். அன்று கோபத்திலேயே ஒரு அத்தியாயம் முடிந்தது.

அடுத்தது நெலிதா வந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. அவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். கையைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க. அவரு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, படுத்தபடியே விரலை அசைச்சுக்கிட்டிருக்காரு. கடைக்குப் போகணும்னு நான்தான் சொன்னேன், வீராப்பா சொல்லிட்டேன். அங்கே அனுப்பினா அந்த மனுஷன் செத்துருவாரு. அவருக்கு ஒத்தாசை பண்ணுங்க. அவரே முடிச்சா சந்தோஷம். முடியலேன்னா நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. நான் அவருகிட்ட மூச்சு விட மாட்டேன்."

எவரிஸ்தோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிக்க முடியாது என்று நினைக்கிறாளே என்று வருத்தம். அதைவிட, இப்படி வெயிலில் வந்து நிற்கிறாளே என்பது பெரிதாகப் பட்டது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தட்டினார், மேலும் மேலும் தட்டினார். எதிரொலியும் விடாமல் கூடவே தட்டியது.

தினமும் தட்டிய பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் இருந்த கட்டின் மேல் வைப்பார். கடைசிப் பக்கத்தை வைத்த அன்று கட்டைத் தூக்கினால், நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவா எழுதினோம் என்று அவருக்கே பெருமை. படித்துப் பார்க்க நேரமில்லை. கயிறு போட்டுக் கட்டி, புவனஸ் அயர்ஸ் பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

கார்னிவலுக்கு முந்திய வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார்.

"போடறோம் சார். முன்பாதி சுமார்தான், உள்ளதைச் சொல்லிடறேன். பின்னால வர்ற கிணத்து அத்தியாயம் இருக்கே, அதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் லைட்டை அணைக்கல. எப்படி சார் எழுதினீங்க?"

தன் நாவல் மாட்டுத் தரகர் ஒருவரின் காதலைப் பற்றியது, அதில் கிணறே கிடையாது என்று எவரிஸ்தோவுக்கு ஒரு ஞாபகம். ஆனால் பாராட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை.

"அது தானா வந்துச்சுங்க" என்றார்.

நெலிதா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிரிலோ ஏப்ரனை எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி போனார். எவரிஸ்தோ எழுத்தாளர்தான் என்பது முடிவாகிவிட்டது.

ஆனால் தெரு இன்னும் தூங்கவில்லை. வரிசை நின்றுகொண்டுதான் இருந்தது. இனியும் ஏமாற்றுவது பாவம் என்று அவருக்குப் பட்டது. கார்னிவல் அன்று சாயங்காலம், எல்லாரும் நாற்காலியைத் தெருவில் போட்டு ஊர்வலத்துக்குக் காத்திருக்கும்போது, மெஷினைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கணும். மத்தியானத்துல தட்டினது வேற யாருமில்ல, நான்தான். நோட்டரி வீட்டுக்குள்ள உட்கார்ந்து கதை எழுதிக்கிட்டிருந்தேன். நீங்க வெச்ச சாராயத்தையும் நான்தான் குடிச்சேன். இனிமே நிம்மதியா தூங்குங்க."

சிரிலோ நாற்காலியில் நெளிந்தார். "அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா மாப்ளே?"

"ஒரு எழுத்து விடாம."

தோன்யா சுல்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சாராயத்தை நீயா குடிச்சே?"

"ஆமா தோன்யா. உங்களுக்குக் கோபம் வர்றது நியாயம்தான்."

"அந்த வீட்டுல தட்டினது நீதான்னு எங்களுக்கு நீ உள்ள போன மொத நாளே தெரியும்யா. வயித்துல மெஷினைக் கட்டிக்கிட்டு நீ ஜன்னல்ல தொங்கினதைத் தெருவே கதவிடுக்கு வழியா பார்த்துச்சு. பாவம், சம்சாரி, பொழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

எவரிஸ்தோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப படையல் யாருக்கு வெச்சீங்க?"

தோன்யா சுல்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ மெஷினைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போனதும், உன் வீட்டுல உன் மேசையில உட்கார்ந்து தட்ட ஆரம்பிப்பாரே, அவருக்கு."