நாலாவது ஊதுபத்தி

"மச்சான், இந்தக் காத்தைக் கொஞ்சம் கொறைங்க" என்று சுருளி முதல் தடவை சொன்னபோது, வண்டி ஒத்தக்கடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூட வந்திருக்கவில்லை.

ஆண்டிச்சாமி குறைக்கத்தான் நினைத்தார். எப்படி என்றுதான் தெரியவில்லை. முப்பது வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவர். கரண்டுக்குப் பயந்ததில்லை. போன வாரம் வாங்கிய இந்தப் பழைய காரின் பொத்தான்களுக்குத்தான் பயந்தார். ஏசியில் 'ஆட்டோ' என்ற பொத்தான் பச்சையாக எரிந்தது. பக்கத்தில் 24 என்று ஒரு எண்.

"அந்தப் பச்சையில மட்டும் கை வச்சிராதீங்கப்பா. வெக்கைக்குத் தக்கன அதுவே பாத்துக்கிரும்" என்று மகள் ஆர்த்திகா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஆர்த்திகா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தல்லாகுளத்தில் ஒரு கார் சர்வீஸ் கம்பெனியில் அவள் மெக்கானிக். இன்றைய சிக்கலே அந்த வேலைதான். மாப்பிள்ளை அருண்பாண்டிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவனுடைய தாய்மாமன் சுருளிக்கு இருந்தது. கிரீஸ் கையோடு ஒரு பெண் தங்கள் வீட்டுக்கு வரக்கூடாது, வேலையை விட்டால்தான் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அதை நேரில் சொல்லத்தான் இப்போது திருவாதவூருக்கு, பெண் வீட்டுக்கு, வந்துகொண்டிருந்தார். வேலையை விடச் சொன்னால் மாப்பிள்ளையை விட்டுவிடுவேன் என்று ஆர்த்திகாவும் சொல்லியிருந்தாள். ஆண்டிச்சாமிக்கு நல்ல மாப்பிள்ளையும் வேண்டும், மகள் முகத்தில் சிரிப்பும் வேண்டும்.

பின்சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா சீனியம்மாள், மடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தார். தம்பி சுருளி பேசும் இடத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"மச்சான், ஒரு விஷயம் பேசணும்" என்று சுருளி தொண்டையைச் செருமினார். "கல்யாணத்துக்கு அப்பறம் உங்க பொண்ணு..."

குப்பென்று ஒரு காற்று அவர் வாய்க்குள்ளேயே போயிற்று.

ஆண்டிச்சாமி அவசரமாக எண்ணைத் திருகினார். குளிரைக் குறைக்க எண்ணைக் குறைக்க வேண்டும் என்பது லைன்மேன் கணக்கு. இருபத்துநாலு பதினெட்டானது. வண்டி ஆடிக்காற்று மாதிரி இரைந்தது.

"கண்ணாடியையாவது எறக்குங்க!"

சுருளி அமுக்கினார், ஆண்டிச்சாமி அமுக்கினார். கண்ணாடி இறங்கவில்லை. வேறு ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியதில் வைப்பர் ஓடத் தொடங்கியது.

"புது எடம்ல, வண்டி கூச்சப்படுது" என்றார் ஆண்டிச்சாமி.

"ஓரமா நிப்பாட்டுங்க, நான் நடந்தே வாரேன்!"

"ஞாயித்துக்கெழமை மச்சான். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வீட்டு வாசப்படி ஏறணும். நல்ல காரியத்துக்குப் போறப்ப நடுவழியில நிக்கலாமா?"

சுருளி கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவரே அவர்தான்.

பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "சாமிக்கு ஏதோ கொறை வச்சுட்டோம்போல. இன்னொரு பத்தி ஏத்துங்கண்ணே."

புறப்படும்போதே ஆண்டிச்சாமி ஒரு ஊதுபத்தி ஏற்றியிருந்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், பத்தி குத்துவதற்கு அளவெடுத்த மாதிரி நாலு சின்னத் துளைகள் இருந்தன. காரைச் செய்தவனும் பக்திமான்தான் என்று அவர் வாங்கிய அன்றே மனதுக்குள் பாராட்டியிருந்தார்.

சீனியம்மாள் முந்தானை மறைவில் தீக்குச்சி கிழித்து, இரண்டாவது பத்தியை நீட்டினார். ஆண்டிச்சாமி குத்தினார். காற்று இன்னும் கூடியது.

"பத்தலைண்ணே" என்று மூன்றாவது வந்தது.

வெளியே சித்திரை வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் விறைத்து, டங் டங்கென்று கோயில் மணி மாதிரி அடித்தது. சுருளியின் மீசை வெள்ளை பூத்தது. ஒரு திருப்பத்தில் குறுக்கே வந்த ஆட்டுமந்தை, போகாமல் வண்டியின் சில்லிட்ட கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. எழுப்பிவிடுவதற்குள் மேய்ப்பவர் ஓய்ந்துபோனார். நம்பாதவர்கள் அவரைப் போய்க் கேட்கலாம்.

"உ... உங்க பொ... பொண்ணு... வே... வே..." என்று சுருளி கடைசி முயற்சி செய்தார். மேல்பல் கீழ்ப்பல்லைச் சந்தித்த வேகத்தில் மிச்சச் சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

"எந்தம்பிக்கு முடியலை பாருங்க" என்று சீனியம்மாள் நாலாவது பத்தியைக் கொடுத்தார். பிறகு பையைத் திறந்து, கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார்.

நாலு இருபத்தேழுக்கு வண்டி வாசலில் நின்றது. இறங்கிய சுருளி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய், வெயிலில் காய்ந்துகிடந்த சுற்றுச்சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, ஏதோ பேசணும்னீங்களாமே?" என்று ஆண்டிச்சாமியின் மனைவி சுந்தரம்மாள் பயந்துகொண்டே கேட்டாள்.

"டீ" என்றார் சுருளி.

ஆர்த்திகா படியிறங்கி வந்தாள். வண்டிக்குள் குனிந்து நாலு பத்தியையும் பிடுங்கினாள். சற்று நேரத்தில் இரைச்சல் அடங்கியது. சுவரை விடாமலே சுருளி தலையை மட்டும் திருப்பினார்.

"என்னம்மா செஞ்ச?"

"இது பத்தி குத்துற ஓட்டை இல்ல மாமா. உள்ள எம்புட்டு வெக்கைன்னு வண்டி மோந்து பாக்குற மூக்கு. அதுல நெருப்பைக் காட்டுனா, உள்ள தீப்பிடிச்சிருச்சுன்னு பயந்து அணைக்கப் பாத்திருக்கு. பாவம்."

சுருளி அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தோரம் கிரீஸ் இருந்தது. மூன்றாவது டீ உள்ளே போனதும் குரல் திரும்பியது.

"மச்சான், இந்தப் பொண்ணு வேலையை மட்டும் விடக்கூடாது. சொல்லிட்டேன். திரும்பிப் போறப்ப வண்டியை அதுதான் ஓட்டணும். நீங்க வீட்ல இருங்க."

ஆண்டிச்சாமி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நாலு பத்தியும் வீண்போகவில்லை.

அடுப்படியில் சீனியம்மாள் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தபடி ஆர்த்திகாவின் காதருகே குனிந்தார்.

"ரெண்டு பத்தி போதும்னு போன்ல சொன்னியே ஆத்தா, எந்தம்பி வாய்க்கு நாலுல்ல தேவைப்பட்டுச்சு!"