பிரேக்குக்கு வண்டி மை தடவிய கதை

சரோஜா, மாதேசா, நம் வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் நீங்கள் இருவரும் குசுகுசுவென்று என்ன சொல்லிச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "மெதுவாச் சாத்து, அப்பா காதுல விழுந்தா மை தடவிடுவாரு!" சிரியுங்கள். ஆனால் சிரிக்கிறவர்கள் முழுக் கதையும் தெரிந்து சிரிக்க வேண்டும். உங்கள் அம்மா சொல்லும் கதையில் நான் முட்டாளாக மட்டுமே வருகிறேன். (முட்டாள்தான், மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.)

கார் வாங்குவதற்கு முன் பதினோரு வருஷம் நான் நாகரசம்பட்டிப் பண்ணைக்காரருக்கு மாட்டுவண்டி ஓட்டினேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் பழைய காரை, உங்கள் அம்மாவின் கம்மலையும் என் மானத்தையும் சேர்த்து அடகு வைத்து வாங்கினேன். கிருஷ்ணகிரியில் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தோம். அதன் கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்ட வேண்டும். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். ஆனால் அதில் உட்கார்ந்தால் நான் டிரைவர். "டேய்" என்று கூப்பிட்டவர்கள் "டிரைவரே" என்று கூப்பிட்டார்கள். அது போதும் எனக்கு.

வாடகைக் காருக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று வேண்டும். சேலத்திலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் ரோட்டில் ஓடலாம். அந்த வருஷம் அவர் வருவதற்கு முந்தின நாள்தான் எனக்கு ஒரு கவலை வந்தது. பிரேக்கை மிதித்தால் கார் காது கிழியக் கத்தியது.

வண்டிக்காரனுக்குச் சக்கரம் கத்துவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கத்தினால் சோம்பேறி என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றி, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையைத் தடவுவோம். சத்தம் நின்றுவிடும். அதையேதான் செய்தேன். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். உள்ளே எந்த இடம் உராய்ந்து பளபளவென்று இருந்ததோ, அந்த இடமாகப் பார்த்து, மூங்கில் குழலில் இருந்த மை தீரும்வரை வழித்துத் தடவினேன். (இப்போது நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம்.)

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஏறினார். சலவை மடிப்புக் கலையாத காக்கி உடுப்பு. மலையடி இறக்கத்தில் கார் வழுவழுவென்று போனது.

"சத்தமே இல்லையே. நல்லா வெச்சிருக்கீங்க டிரைவரே" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சரி, இங்க நிறுத்துங்க."

மிதித்தேன். சத்தமே இல்லை. நிற்கவும் இல்லை.

"நிறுத்துப்பா!"

"மிதிக்கிறேங்க!"

"யோவ், நிறுத்துய்யா!"

ரோட்டோரக் களத்தில் கேழ்வரகுத் தாளைப் போர் போட்டிருந்தார்கள். கார் தானாகவே அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே புகுந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒரே இருட்டு. பிறகு தாளுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் வந்தது. "ஃபெயில்."

வெளியே வந்து, தலையில் தாளோடு நின்றபடியே எழுதினார். "ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்தா மறுபடி பாக்கறேன். என்னைக் கேட்டா, வித்துட்டு வேற வேலை பாருய்யா" என்றார். இறக்கத்துக்கு மேலே "டிரைவரே", கீழே "யோவ்".

காரைப் போரிலிருந்து இழுக்க மாடு வேண்டும். அந்த வழியே வந்த மாடு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? நாகரசம்பட்டிப் பண்ணைக்காரருடையதேதான். காருக்கு முன்னால் நான் வளர்த்த மாடுகள், ஸ்டீயரிங்கில் நான். பழக்கதோஷத்தில் "ஹை! ஹை!" என்று வேறு சொல்லிவிட்டேன். சந்தைக்குப் போன கூட்டம் முழுக்கப் பின்னாலேயே ஒர்க்ஷாப் வரைக்கும் வந்தது.

மாட்டோடு வந்திருந்த பண்ணைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கடைசியில மாட்டுக்கே வந்துட்ட பாத்தியாடா! இத ரிப்பேர் பண்ணி என்னா பண்ணப் போற? இன்ஜின எங்கிட்ட குடு. மாந்தோப்புக் கெணத்துல தண்ணி எறைக்க வெச்சுக்கறேன். நீயும் வண்டிக்கே வந்துடு. நாளைக்குப் பதில் சொல்லு."

ஒர்க்ஷாப் நஞ்சப்பா ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். சக்கரத்தைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். முகர்ந்தார். கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "அய்யோ தேவரே! இது பிரேக்கா, பணியாரச் சட்டியா?"

"தேறுமாங்க?"

"எண்ணெ குடிச்ச லைனிங்கு சக்கரத்தப் புடிக்காது, எல்லாம் புதுசு போடணும். ஸ்டீயரிங் ஆடுது, லைட்டு ஒண்ணு குருடு. ஒரு மாசம் ஆவும். யோசன பண்ணிக்கப்பா."

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, என் கம்மலப் போட்டு வாங்கின காருல எங்கம்மா ஊட்டுக்கு ஒரு தடவகூட நான் போகல. அதுக்குள்ள கெணத்துல எறக்கறீங்களா?"

மறுநாள் பண்ணைக்காரர் வாசலில் போய் நின்றேன். முதல் தடவையாகத் துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றேன். "கெணத்துக்குப் போற காரு இல்லீங்க அது. நானும் வண்டிக்கு வரலீங்க."

"மறுபடியும் போருக்குள்ள போவடா!"

"போனா நானே ஓட்டிக்கிட்டுப் போறேங்க."

(அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் ஒர்க்ஷாப் பக்கம் நடையைக் கட்டிவிட்டேன்.)

ஒரு மாசம் நஞ்சப்பாவின் ஒர்க்ஷாப்பில் மண்ணெண்ணெயில் இரும்பு கழுவினேன். என் வேலைக்குப் பதில் அவர் வேலை. மறுபடி அதே இன்ஸ்பெக்டர், அதே இறக்கம். இந்தத் தடவை அவர் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மிதித்தேன். மரத்துக் காக்கை எல்லாம் பறக்கும்படி கார் கத்தியது. கத்திக்கொண்டே நின்றது.

"என்னய்யா, இப்படிக் கத்துது?"

"கத்தட்டுங்க. நின்னுச்சில்ல?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "சரி டிரைவரே" என்றார்.

அம்மா அவள் அம்மா வீட்டுக்குக் காரில் போனது, இந்த மைக் கதையை அங்கே எல்லோருக்கும் சொன்னது, அங்கிருந்து அது உங்கள் காதுக்கு வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அன்று இன்ஸ்பெக்டரை இறக்கி விட்டபின் நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. தனியாக அந்த இறக்கத்துக்குத் திரும்பிப் போனேன். போர் இருந்த களத்துக்கு எதிரே பிரேக்கை மிதித்தேன். கிறீச். நின்றது. மேலே ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பி, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இன்னொரு தடவை இறங்கி வந்து மிதித்தேன்.