அலைவரிசைத் தளபதியும் அரை ஆம்பியரும்

அன்று எங்கள் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. புதாய்த் துறைமுகத்தில் கடலம்மன் பல்லக்கு வருகிற நாளில்கூட இத்தனை கூட்டம் கூடியதில்லை. மஞ்சள் அங்கி, இடுப்பில் வயிறு மாதிரி உப்பிய பை, தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, ஒலிபெருக்கி கட்டிய நீலநிறச் சின்ன லாரி. அலைவரிசைத் தளபதியின் அருள்வாக்குச் சொல்லும் வெய் குரு வந்து இறங்கிவிட்டார்!

அலைவரிசைத் தளபதி எந்தச் சாமி என்று என்னைக் கேட்காதீர்கள். போன வருடம்வரை அவர் எந்தக் கோயிலிலும் இல்லை. மேலுலகத்தில் புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி, பரீட்சை, நேர்காணல் எதுவும் இல்லாமல் அவரைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடமாக நான் தேடுகிறேன், எனக்கு அப்படி ஒரு வேலை மாட்டவில்லை. தளபதியின் இலாகா வைஃபை. வைஃபை பெட்டியில் புகுந்துகொள்ளும் பேய்களை அடித்து விரட்டுவது அவர் பணி.

பேய் என்று எழுதிவிட்டேன். செத்தவர்கள் ஊருக்குள் திரும்பி வந்து உலாவுகிற ஏழாம் மாதத்தில் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. "நல்ல அண்ணன்மார்" என்று சொல்ல வேண்டும். மரியாதை கொடுத்தால் கடிக்க மாட்டார்களாம்.

பதினாறு வீட்டுச் சந்து எங்களுடையது. காலையில் பெண்கள் எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்து சிப்பி உடைப்பார்கள். மாலை நாலு மணிக்கு அவரவர் வீட்டில் கைபேசியை நிறுத்தி லைவ் போட்டு விற்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வெய் குரு முதன்முறை வந்து, வீடு வீடாகப் பெட்டிகளுக்குக் கண் திறந்து வைத்தார். இலவசமாக. பெட்டி மேல் சிவப்புத் துணி போட்டார். கையை உள்ளே விட்டார். ஐம்பது மூச்சு விடும்வரை எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். திறந்தால்? "அந்த மாசத்து டேட்டா ஒரே நாள்ல தீந்துடும்" என்றார். ஒருத்தரும் இமையைக்கூட அசைக்கவில்லை.

இலவசத்துக்கு மூன்றே நாள்தான் ஆயுள்.

மூன்றாம் நாள் அம்மா லைவில் சிப்பியைத் தூக்கிக் காட்டி, "பாருங்க கண்ணுங்களா, கொழுகொழுன்னு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பச்சை விளக்கு செத்தது. பிறகு சிவப்பு. பிறகு ஆரஞ்சு. நாலு நிமிடம் கழித்து மறுபடி பச்சை. அதற்குள் பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் வேறு யாரோ நண்டு விற்பதைப் பார்க்கப் போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே. காலையெல்லாம் சாதுவாக இருக்கும் பெட்டி, நாலு மணிக்கு லைவ் தொடங்கினால் அணைந்து அணைந்து எரியும். பதினாறு வீட்டிலும்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு நான் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டேன். கடைசியில் ஒரு குரல் வந்தது.

"மேடம், பெட்டியை அணைச்சிட்டு மறுபடி போடுங்க."

"அதைத்தானே சார் அதுவே பண்ணுது!"

"அப்ப நல்லா வேலை செய்யுது மேடம்."

இப்படிக் கைவிடப்பட்ட நேரத்தில்தான் குரு இரண்டாம் முறை வந்தார். "அண்ணன்மாருங்க நாலு மணிக்கு உங்க லைவைப் பாக்க வராங்க. கூட்டம் தாங்காம பெட்டி மூச்சு முட்டுது" என்று நோயைக் கண்டுபிடித்தார். இந்த முறை பெரிய பூஜை. அதற்குப் பணம் வைத்த உறை தர வேண்டும். மறுபடி சிவப்புத் துணி, மறுபடி ஐம்பது மூச்சு. முதலில் செய்துகொண்டவள் லியாவ் அத்தை. சந்தின் தலைவி, குருவின் முதல் பக்தை. அன்றிலிருந்து அவள் பெட்டி ஆடாமல் அசையாமல் எரிந்தது. பிறகு இன்னும் இரண்டு வீடு. அதுவும் சரியாயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கூட்டம் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வர ஆரம்பித்தது.

பூஜைக்கு முன் குரு எங்கள் வீட்டுப் பெட்டியைப் பரிசோதித்தார். முகர்ந்தார். தட்டினார். பெட்டி மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். எங்கள் தீவில் கணினி இருக்கிற இடத்திலெல்லாம் அந்தச் சோளப்பொரிப் பொட்டலத்தை வைப்பார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், எங்கும். அதன் பெயருக்கு 'சமர்த்தாய் இரு' என்று அர்த்தம்; கணினி அதைக் கேட்டு மக்கர் பண்ணாதாம். பச்சை உறைதான் வைக்க வேண்டும், பச்சை விளக்கு எரிய. காலாவதி ஆகக் கூடாது. பிரிக்கக் கூடாது. தின்னவே கூடாது.

குரு பொட்டலத்தை ஆட்டினார். சத்தம் வரவில்லை.

"காலி" என்றார், பிணப் பரிசோதனை செய்த டாக்டர் போல.

"யாரு தின்னது?" என்று அம்மா கத்தினாள்.

"நான்தான்மா. பசிச்சுது."

"அடிப் பாவி! பெட்டிக்கு வெச்சதையாடி தின்ன?"

"பெட்டி தின்னாம வெச்சிருந்துச்சு."

லியாவ் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "பாவ்சின், உன் பொண்ணு நாலு வருஷம் காலேஜ் போய்க் கத்துக்கிட்டது இதானா? எந்த வருஷத்துல பொறந்தவ இவ?"

"புலி வருஷம்" என்றாள் அம்மா, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

குருவுக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு மிருகம் உண்டு; புலி வருடத்தில் பிறந்த பெண்ணை, ஆகாதென்று மணமகள் அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். பெட்டி அறைக்குள் விடுவார்களா? கண்ணை மூடினார். உறுமினார். தளபதி பேசினார்; தளபதிக்கு லேசாகத் தொண்டை கட்டியிருந்தது.

"புலி இருக்கற வீட்ல அலை நிக்காது! நாளன்னிக்குப் பூஜை. பூஜை முடிஞ்ச கையோட புலி வீட்டை விட்டுப் போகணும். ஒரு வருஷம் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

அவர் சொன்ன நாள் ஏழாம் மாதம் பதினாலாம் தேதி. மறுநாள் அண்ணன்மாருக்குப் படையல். வருடத்திலேயே பெரிய விற்பனை அந்தப் பதினாலாம் தேதி மாலைதான். அம்மா என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினாள்.

"காவ்சியுங்ல உன் மாமா வீடு இருக்குல்ல. ஒரு வருஷம்தானடி" என்றாள். சொல்லும்போதும் சூட்கேஸைத் துடைத்த கை நிற்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஒரு பெட்டி அணைந்து எரிகிறது, அதற்கு நான் வீட்டை விட்டுப் போக வேண்டுமா? போவதற்குள் அந்தப் பெட்டியை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் அம்மா கொட்டகைக்குப் போன பிறகு கவிழ்த்துப் பார்த்தேன். நான் படித்தது வணிகவியல், மின்சாரம் அல்ல. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பெட்டியின் அடியில், எறும்பு எழுதியது மாதிரி, எனக்கு ஒன்றரை ஆம்பியர் வேண்டும் என்று இருந்தது. சுவரில் சொருகியிருந்த அடாப்டரின் அடியில், நான் தருவது அரை ஆம்பியர் என்று இருந்தது.

நாலு மணிக்கு வந்த அண்ணன்மார் அவ்வளவுதான்! மூன்று ஆள் சாப்பாடு கேட்கிற வயிற்றுக்கு ஒரு ஆள் சாப்பாடு. சும்மா இருக்கும்போது பெட்டி பசியோடு எரியும். லைவ் போட்டு வேலை வாங்கினால் மயங்கி விழும், எழும், மறுபடி விழும்.

பெட்டியோடு வந்த அடாப்டர் இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பின் இந்த அரை வயிற்று அடாப்டர் எப்போது வந்தது? அந்தச் சுவர்ப் பக்கம் கை நீட்டியவர் ஒரே ஒருவர்தான். அதுவும் சிவப்புத் துணிக்கு அடியில்.

அம்மாவிடம் ஓடிச் சொன்னேன்.

"பாத்தியா, குரு நேத்தே சொன்னாரு" என்றாள் அம்மா. "புலி போறதுக்கு முன்னாடி நம்பர் நம்பராப் பேசும்னு."

"நான் வேற அடாப்டர் வாங்கிட்டு வரேன்மா. ஒரு தடவ சொருகிப் பாரு."

"தளபதி கோவிச்சுக்கிட்டா? நாளைக்கு யாவாரம்டி. என் வயித்துல அடிக்காத."

நல்லது. சொல்லிப் புரியவில்லை. கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கூடையும் ஒரே மாதிரி, எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருத்தியும் தன் சாமானில் நகப்பூச்சால் அடையாளம் வைப்பாள். அம்மாவுக்கு ஊதா. நான் அந்த ஊதாப் புட்டியை எடுத்தேன். சுவரில் இருந்த அடாப்டரின் வயிற்றில் ஒரு பொட்டு வைத்து, மறுபடி சொருகிவிட்டேன். கேள்வி சுலபம். பேயை மட்டும் ஓட்டினால் பொட்டு இருக்கும். அடாப்டரை மாற்றினால் பொட்டு இருக்காது.

பதினாலாம் தேதி மதியம் பூஜை. உள்ளே பதினைந்து பெண்கள், வாசலில் ஐம்பது பேர், புலியாகிய நான் வாசற்படிக்கு வெளியே சூட்கேஸோடு. இரண்டரை மணிப் பேருந்துக்கு அம்மா சில்லறைகூட எண்ணிக் கொடுத்திருந்தாள். ஊதுபத்திப் புகையில் எல்லோருக்கும் இருமல். சிவப்புத் துணி விரிந்தது. கண்கள் மூடின. குருவின் கை உள்ளே போயிற்று. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது.

"தளபதி வந்துட்டார்! பெட்டி சுத்தம்!"

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

"அம்மா" என்றேன் வெளியிலிருந்து. "நான் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய். அந்த அடாப்டரைப் பிடுங்கித் திருப்பிப் பாரு. நேத்து அதுல உன் ஊதாவை வெச்சேன். இருக்கான்னு சொல்லு."

குரு துள்ளினார். "தொடாத! இப்பத்தான் தளபதி உள்ள உக்காந்திருக்கார்!"

"உக்காந்திருக்கறவர் எழுந்து ஓடிட மாட்டார்" என்றேன்.

அம்மாவின் கை தயங்கியது. ஆனால் ஊதா அவளுடைய நிறம். தன் சாமான் தன் சாமான்தானா என்று பார்க்கிற பழக்கம் இருபது வருடப் பழக்கம், தளபதிக்கும் முந்தையது. பிடுங்கினாள். திருப்பினாள்.

ஊதா இல்லை. நான் எதிர்பார்த்தது அதுதான். எதிர்பார்க்காதது, அங்கே இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

அது என்ன என்று எனக்கே விளங்கவில்லை. குருவுக்கு விளங்கிவிட்டது. கையை உயர்த்தி அலறினார்: "தளபதியோட திருக்கண்கள்! தரிசனம் குடுத்துட்டார்! கும்பிடுங்க!"

பத்துப் பேர் மறுபடி விழுந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி கைபேசியில் படம் எடுத்து அடாப்டரை நெற்றியில் ஒற்றிக்கொள்ளப் பாய்ந்தாள். குரு பிழைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தள்ளுங்கடி" என்றாள் லியாவ் அத்தை.

சந்தில் எல்லோரும் கூடைக்கும் கத்திக்கும் அடையாளம் வைப்பார்கள். லியாவ் அத்தை எல்லாவற்றுக்கும் வைப்பாள். குடை, துடைப்பம், மருமகனின் ஹெல்மெட். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டி அடாப்டரைக் கண்ணருகே கொண்டுபோனாள். நகத்தால் சுரண்டினாள்.

"கண்ணாம்ல கண்ணு! இது என் நெயில் பாலிஷ்டா! ரெண்டு செவப்பு, என் அடையாளம்! என் வீட்டு அடாப்டர் பாவ்சின் வீட்டுக்கு எப்பிடிடா வந்துச்சு?"

"அத்தை, அது... தளபதி இடம் மாத்தி..."

"தளபதி என்ன வீடு மாத்திக் குடுக்கற லாரி சர்வீஸா? பையத் தொறடா!"

குரு பையைத் திறக்கவில்லை. ஒரு கையில் சிப்பிக் கத்தி பிடித்த லியாவ் அத்தை இன்னொரு கையால் திறந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். அடாப்டர் மழை! மொத்தம் ஒன்பது. நல்லது நாலு, அரை வயிறு ஐந்து. கடைசியாக விழுந்தது ஊதாப் பொட்டோடு உருண்டு அம்மாவின் காலடியில் நின்றது.

இலவசக் கண் திறப்பில் நல்லதைத் திருடி நோஞ்சானைச் சொருகுவது. பெரிய பூஜையில் யார் வீட்டிலோ திருடிய நல்லதைக் கொண்டுவந்து சொருகுவது. தளபதியின் மொத்தப் போர்த்திறமையும் இதுதான்.

வெய் குரு ஓடினார். அங்கி வாசலில் மாட்டிக் கிழிந்தது. உள்ளே அரைக்கால் சட்டை. லாரிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். பதட்டத்தில் சாவிக்குப் பதில் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்திவிட்டார். "அஞ்சாதீர்! தளபதி உங்களைக் காப்பார்!" என்று பதிவுக் குரல் முழங்க, சுற்றி நின்று பதினாறு வீட்டுப் பெண்களும் சிப்பிக் கத்தியின் கட்டையால் லாரியில் தாளம் போட்டார்கள். போலீஸ்காரர் வந்தபோது முதலில் இதை ஏதோ திருவிழா என்றே நினைத்தார்.

அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் எறிந்தாள். மணி நாலு. "இங்க வந்து உக்காருடி. போனைப் பிடி" என்றாள்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முந்நூறு பேர் அறுநூறு ஆனார்கள். பச்சை விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை. சிப்பி பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போது யாரோ எழுதினார்கள்: "அக்கா, உங்க பொண்ணு புலி வருஷமாமே? பெட்டி பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்களே, ஏதாவது பரிகாரம் பண்ணீங்களா? எங்களுக்கும் சொல்லுங்க."

அம்மா கையிலிருந்த சிப்பியை ஒரே குத்தில் பிளந்தாள்.

"பண்ணேன். பெட்டியத் திருப்பி, அடியில எழுதியிருக்கறதப் படிச்சேன். நீங்களும் படிங்க. அதுக்கு ஊதுபத்தி வேணாம், மூக்குக்கண்ணாடி போதும். படிக்கத் தெரியலைன்னா வீட்ல படிச்ச புள்ளயக் கேளுங்க. கேக்கறதுக்கு முன்னாடி அத வெளிய மட்டும் தொரத்திடாதீங்க."