எல்லாம் பச்சை

"என் வேலைக்கு நானே இன்டர்வியூ குடுக்கணுமா?"

சிஸ்டம்ஸ் இன்ஜினியர் போட்ட சத்தம் கண்ணாடி அறையைத் தாண்டிக் கேட்டது. புது மேனேஜர் அசரவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். 'சிஸ்டம்ஸ் இன்ஜினியர் தேவை' என்று கம்பெனி விளம்பரம் பல்லை இளித்தது.

"புரோகிராம் எழுத ஒருத்தர் இருக்கார். சர்வருக்கு ஒருத்தர். நெட்வொர்க்குக்கு ஒருத்தர். நீங்க காலையில முதல் ஆளா வர்றீங்க, சாயங்காலம் கடைசி ஆளா போறீங்க. நடுவுல என்னதான் சார் பண்றீங்க?"

"அவங்க மூணு பேர் வேலையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம பாத்துக்கறேன்."

"அதை இன்டர்வியூல சொல்லுங்க. மத்தவங்களோட வரிசையில வந்து உக்காருங்க."

"உக்கார மாட்டேன். லீவு போடறேன். நான் என்ன பண்றேன்னு நாளைக்கே தெரியும்."

மறுநாள் காலை, போனை அணைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். "கதறட்டும்!"

பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, செருப்பை மாட்டியபடியே கேட்டாள். "போனை அணைச்சுட்டா கதறுறது எப்படிங்க கேக்கும்?"

"நேர்ல வருவாங்க."

சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, மேனேஜர் உட்கார எதிரில் ஒரு நாற்காலியும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அழைப்பு மணி ஒரே ஒரு முறை அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், ஏணி கேட்டு வந்திருந்தார்.

பொறுக்கமுடியாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் கண்காணிப்புப் பலகையைத் திறந்தார். ஆபீஸுக்கு உள்ளே எது கெட்டாலும் சிவப்பாகக் காட்டும் பலகை அது. அவரே அமைத்தது. சர்வர், பச்சை. நெட்வொர்க், பச்சை. வழக்கமாக மதியத்துக்குள் மூன்று முறை மண்டையைப் போடும் பிரின்ட்டர் கூடப் பச்சை!

மாலையும் பச்சை. மறுநாளும் பச்சை.

"ஏங்க, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க," என்றாள் மனைவி. "ஆபீஸ்ல உங்களுக்கு நிஜமாவே வேலை இருந்துச்சா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே வேறொரு கம்பெனியின் வீடியோ இன்டர்வியூவில் உட்கார்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, இன்டர்வியூ எடுத்த அம்மாள் கடைசிக் கேள்வியைக் கேட்கும் வரை.

"நீங்க லீவுல இருந்தா அங்க என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம்!" பெருமையாகப் பலகையைக் காட்டினார். "பாருங்க, எல்லாம் பச்சை."

"அப்ப நீங்க எதுக்கு சார்?"

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா கட்டின பாலத்தை இன்ஜினியர் கீழ நின்னு தோள்ல தாங்கணுமா மேடம்?"

"சொல்லி அனுப்பறோம்." திரை இருண்டது.

"என் ஒரு சம்பளத்துல எப்படிங்க ஓட்டறது?" மனைவியின் குரல் இறங்கியது. "போய் அந்த வரிசையில உக்காந்துடுங்களேன்."

"மாட்டேன். போறதுன்னா தலை நிமிர்ந்துதான் போவேன்."

அடுத்த காலை ராஜினாமாவை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இருந்த வேகத்தில், வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது கூடக் கண்ணில் படவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

"சார்! வந்துட்டீங்களா!"

"இதை மேனேஜர்கிட்ட குடுத்துடுங்க. நான் இல்லாம எல்லாம் ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா அப்படி ஓடற மாதிரி கட்டினவன் நான். அதுக்காக யார் முன்னாடியும் குனிய மாட்டேன்."

"மேனேஜர் எங்க சார் இருக்கார்? அவரும் வீட்லதான்." செக்யூரிட்டி மூச்சு வாங்கினார். "நீங்க லீவு போட்ட அன்னிக்கே வாசல்ல கார்டு தேய்க்கிற மிஷின் படுத்துடுச்சு, கதவு திறக்கல. தினமும் நீங்க வந்து அதை என்னமோ பண்ணி எழுப்புவீங்களே, அது இங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்க போனோ கிடைக்கல. வீட்டு விலாசம் உள்ள கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிச்சு. இன்டர்வியூக்கு வந்தவங்க கூட வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டாங்க."

இன்ஜினியர் விழித்தார். "ஆனா... எல்லாம் பச்சையா இருந்துச்சே?"

செக்யூரிட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள யாருமே போகலியே சார்... அப்புறம் எது கெடும்?"