இத்தாலி சரக்கும் எங்கள் செலக்டரும்

கடவுளே ஆம்பூருக்கு இறங்கி வந்தாலும் அவரை ஜன்னலோரம் கூட்டிப் போய், வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ரெண்டாம் நம்பர்" என்று சொல்லி அனுப்பக்கூடிய ஒரே மனிதர் எங்கள் செலக்டர்தான்.

செலக்டர் என்பது அவர் பெயரல்ல, வேலை. பதனிட்ட தோலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முதல் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், ரிஜக்ட் என்று பிரித்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் குறி போடுகிற வேலை. முப்பது வருடம் அதையே செய்ததில் பெயர் உதிர்ந்து வேலை மட்டும் மிஞ்சிவிட்டது. அதே கம்பெனியில் நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவன். என் வேலையை யாரும் எனக்குப் பெயராக வைக்கவில்லை என்பதிலிருந்தே அதன் மதிப்பை நீங்கள் ஊகிக்கலாம்.

தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், பின்பக்கம் பார்க்காமல் தரம் சொல்லக் கூடாது என்பவை அந்தத் தொழிலின் விதிகள். செலக்டர் அவற்றை உலகம் முழுவதற்கும் அமல்படுத்தினார். வேலூர் லாங் பஜாரில் வேட்டி வாங்கப் போனவர், ட்யூப்லைட்டை நம்பாமல் வேட்டியோடு தெருவுக்கு இறங்கி, கைவண்டிகளுக்கு நடுவே அதை விரித்துப் பார்க்க, திருட்டுப் போகிறது என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ராணிப்பேட்டை போனபோது பையனை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துச் சுற்றி வந்தார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா ரொம்ப நாள் மடிச்சு வெச்சிருந்திருக்காங்க, மடிப்பு தெரியுது" என்றார். பையனுக்கு முப்பத்தெட்டு வயது. சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு கறை இருந்தது. அது இத்தாலி.

மற்ற ஊர்களில் இத்தாலி என்றால் சாய்ந்த கோபுரம் நினைவுக்கு வரலாம். ஆம்பூரில் இத்தாலி என்றால் பையர். தோல் வாங்க வருகிறவர். பழுப்பு ஷூ, தொங்கும் மூக்குக் கண்ணாடி, பேச்சு கம்மி. ஏழெட்டு வருடங்களுக்கு முன் அவர், செலக்டர் முதல் நம்பர் என்று குறி போட்ட ஒரு முழு லாட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "நோ" என்றார். அந்த ஒற்றைச் சொல்லோடு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து பையர் வரும் நாளெல்லாம் செலக்டர் லீவு போட்டார்.

"ஒரே ஒரு தடவ சார்" என்று என்னிடம் சொல்வார். "இத்தாலி சரக்கு ஒண்ணு என் கைல வரணும். பாத்துட்டு ரிஜக்ட்னு குறி போடணும். அப்புறம் நிம்மதியா ரிடையர் ஆய்டுவேன்."

இத்தாலிக்காரர்கள் தோல் வாங்குகிறார்களே தவிர ஆம்பூருக்கு எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அந்த ஆசை நிறைவேற வழியில்லாமல் இருந்தது, நான் குறுக்கே வரும்வரை.

எனக்கு உலக சினிமா என்றொரு கெட்ட பழக்கம் உண்டு. ஞாயிறு மதியங்களில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, ஹாலின் நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவேன். எட்டுப் பேர் வருவார்கள், அதில் நாலு பேர் மின்விசிறிக்காக. அந்த வாரம் ஒரு பழைய இத்தாலியப் போர்ப் படம் என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினேன். செலக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"இத்தாலியில செஞ்சதா சார்?"

"ஆமாண்ணா."

"நான் வர்றேன்."

அவர் இத்தாலி சரக்குக்குக் குறி போட வருகிறார் என்றதும் ஊரே வந்தது. தோல் பதனிடும் ஷாப் ஆட்களும் ஷூ கம்பெனிப் பெண்களுமாக அறுபது பேர். நியோரியலிசம் என்ற சினிமா பாணி பற்றி நான் தயாரித்திருந்த இருபது நிமிட உரையை ஒரு நிமிடத்தில் கைதட்டி முடித்து வைத்தார்கள். செலக்டர் சட்டைப்பையில் சாக்பீஸோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கதை எளிது. போர்க்காலம். ஒருவன் தன்னுடைய ஒரே ஜோடி ஷூவைத் தைக்கக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டில் இருக்கும்போது சிப்பாய்கள் வந்து அப்படியே இழுத்துப் போகிறார்கள். மனைவி தைத்த ஷூவை வாங்கிக்கொண்டு, அவனை ஏற்றிய ரயில் கிளம்புவதற்குள் கொடுத்துவிட ஊர் முழுக்க ஓடுகிறாள்.

பத்தாவது நிமிடம் செலக்டர் எழுந்து போய் ஜன்னலில் இருந்த கறுப்புத் தாளைக் கிழித்தார். படம் வெயிலில் மறைந்தது.

"செலக்டர்ணா! இன்னாணா பண்றே?" என்று கத்தினேன்.

"வெளிச்சம் இல்லாம எப்டி சார் சரக்கு பாக்கறது?"

தாளை மறுபடி ஒட்டினோம். அடுத்து ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் காட்சி. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் சாந்தி அக்கா வாய்விட்டே கேட்டார். "இன்னா சார் இது, இவங்களும் லைன்ல நிக்கறாங்க? நம்ம பையர் ஊர்க்காரங்களா இது?"

"ரொட்டி கூட இல்லியா இவங்களுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப நம்ம பேக்டரில குடுக்கற பிஸ்கட்ட அந்த பையர் ஏன் தொடக்கூட மாட்டேங்கறான்?"

"பேஜார் பண்ணாதீங்கப்பா" என்று செலக்டர் அதட்டினார். அவர் எழுபது வருடப் பழைய பிரதியில் மழைபோல விழுந்துகொண்டிருந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, கீறல்! ஒரே பீஸ்ல எத்தினி கீறல்! இதுவே நாம அனுப்பியிருந்தா?"

கூட்டம் ஆரவாரித்தது. அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தார். ஆனால் விதி விதிதானே, பின்பக்கம் பார்க்காமல் தரம் சொல்ல முடியாது. எழுந்து துணியின் ஓரத்தைத் தூக்கி, திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் துணி அங்கங்கே புடைத்தது. தடவிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. படத்தின் ஊருக்குள் அந்தப் புடைப்பு ஒரு புதிய குன்றுபோல நகர்ந்தது. பிறகு அசைவில்லை.

திரையில் அவள் ஓடினாள். ரயில் நிலையத்தை அடையும்போது வண்டி நகர்ந்துவிட்டது. கூடவே ஓடினாள். ஒரு கை மட்டும் கம்பிக்கு வெளியே நீண்டது. எட்டவில்லை. தண்டவாளத்தோரம் நின்று, ஷூவில் படிந்த புழுதியைத் தன் முந்தானை போன்ற ஒன்றால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். படம் முடிந்தது.

"போங்க சார், ஞாயித்துக்கெழமயும் அதுவுமா" என்று சாந்தி அக்கா மூக்கைச் சிந்தினார். யாரும் எழுந்து போகவில்லை. தீர்ப்பு பாக்கி இருந்தது.

நான் துணியை விலக்கினேன். செலக்டர் அடுக்கி வைத்த பெஞ்சுகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாணா, ரிஜக்டா?"

சாக்பீஸைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டார். "தோல்ல கத்தி வெட்டு இருந்தா உரிச்ச ஆள் செஞ்ச தப்பு, ரிஜக்ட் பண்ணலாம் சார். இதெல்லாம் ஆடு உயிரோட இருக்கசொல்ல முள்ளுல மாட்னது. இதுக்கு இன்னான்னு குறி போடறது?"

அறுபது பேரும் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். ஏழெட்டு வருடம் காத்திருந்த வாய்ப்பை மனிதர் இப்படியா விடுவார்!

அடுத்த மாதம் பையர் வந்தார். செலக்டர் லீவு போடவில்லை. ஜன்னலோரம் பையருக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தோலாக எடுத்து, வெளிச்சம் விழும்படி பிடித்துக் காட்டினார். பையர் தடவினார், யோசித்தார், பன்னிரண்டு பீஸை வேண்டாம் என்று ஒதுக்கினார். பன்னிரண்டையும் செலக்டர் தாமே அடுக்கி ஓரமாக வைத்தார்.

கார் போன பிறகு கேட்டேன். "கோவம் வரலியாணா?"

"இன்னாத்துக்கு சார்? அவங்க வூட்ல யாரோ ஒருத்தர் செருப்பில்லாம போயிருக்காரு. தோல் விஷயத்துல கறாராத்தான் இருப்பாங்க."

அது வெறும் சினிமா, அந்தக் குடும்பமும் பையர் குடும்பமும் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த இருபது நிமிட உரை ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து ஜன்னலோரம் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். செலக்டருக்குச் சிரமம் கொடுக்காமல் நானே குறி போட்டுவிட்டேன்.